கணக்கில் விட்டவை

வெள்ளி பின்னேரம் நாலேகாலுக்கு
நாற்பத்தியோராவது மூலக்கூறைக் கணக்குக்குப் போட்டேன்.
ஐந்து தயோபீன் வளையம், நடுவில் ஒரு பென்சீன்,
இரு கரையிலும் சயனோ.
எட்டுக் காபன் நீளமான வால்கள் நாலையும்
வெட்டிவிட்டு மெதைல் வைத்தேன்.
வாலோடு விட்டால்
அறிவியல் நகரில் எங்களிடமுள்ள ஒற்றைச் சேர்வர்
தைப்பொங்கல் வரைக்கும் இரைந்துகொண்டிருக்கும்.
இப்போது ஆடி.

மாதிரிக்குள் காற்றில்லை. ஈரமில்லை.
வெப்பநிலை தனிப்பூச்சியம்.
வெளியே முப்பத்தாறு பாகை,
ஏ-ஒன்பது றோட்டின் தார் செருப்பைப் பிடித்திழுக்கிறது.
பஸ்ஸின் நிழலில் ஒரு பசு படுத்திருக்க
அது எழும்பட்டும் என்று பஸ்ஸும் நிற்கிறது.

சனி முழுக்க
சக்தி இறங்கியது, ஏறியது,
இறங்கிய அளவே ஏறியது.
தொண்ணூறாம் சுற்றிலும் ஒருங்கவில்லை.

விரிவுரையில் நான் இப்படித்தான் சொல்வேன்:
ஒளி விழுந்தால் இலத்திரன் எழும்பிப் போகும்.
அது இருந்த இடம் வெறுமையாகும்.
அந்த வெறுமைக்கும் ஏற்றம் உண்டு, திணிவு உண்டு,
அதுவும் நடக்கும்.
போனதும் வெறுமையும் ஒன்றையொன்று விடாமல்
பத்து நனோமீற்றர் அலையும்.
அதற்குள் கரை கண்டால் மின்சாரம்,
காணாவிட்டால் வெறும் சூடு.
'துளை' என்று பலகையில் எழுதி அடிக்கோடிடுவேன்.

போன வருசம் மூன்றாம் வாங்கிலிருந்து நிதர்சனா
பேனையை மூடிவிட்டுக் கேட்டாள்,
"இல்லாத ஒன்று எப்பிடி மிஸ் பாரமாயிருக்கும்?"
அரைவாசி வகுப்பு சிரித்தது.
சமன்பாட்டில் அப்படித்தான் வரும் என்றேன்.
அவளுடைய பதிவுப் படிவத்தில்
தகப்பனின் தொழில், முகவரி கேட்ட இடங்களில்
ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்ததை
பிறகுதான் பார்த்தேன்.

ஞாயிறு இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் இருபது நிமிசம் கத்திவிட்டு அடங்கியது.
ஐம்பத்து நாலு மணித்தியாலம்.
சத்தம் நின்றதைக் கேட்டு
காவலுக்கு நின்ற அருளப்பண்ணை வந்து
சேர்வரின் முகத்தில் டோர்ச் அடித்தார்.
"வெய்யிலில கரண்ட் எடுக்கிற வேலைக்கு
இவ்வளவு கரண்ட் வேணுமோ பிள்ளை?"
எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

முறிகண்டியில் அவருடைய கூரையில் ஒரு தகடு,
இரண்டு பல்ப்புக்குக் காணும்.
குரங்கு பாய்ந்து கண்ணாடி வெடித்துவிட்டதாம்.
"உங்கடது வளையுமெண்டு சொல்லுறாங்கள், மெய்யே?"
வளையும்.
"பாரமும் இல்லையோ?"
இல்லை, பேப்பர் மாதிரி.
"வெய்யிலுக்குத் தாங்குமோ?"

இருட்டில் பொய் சொல்வது சுகம்.
ஆனாலும் சொன்னேன்:
வெய்யிலைத் தின்னவென்று நான் கட்டுகிற பொருளை
வெய்யிலே தின்றுவிடுகிறது, அண்ணை.
அதை இன்னும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.
அவர் ஒன்றும் பேசவில்லை.
பற்றரி மிச்சம் பிடிக்க டோர்ச்சை நூர்த்தார்.
வாய்க்கால் பக்கத்தில் தவளை ஒன்று
தன் பாட்டில் கத்திக்கொண்டிருந்தது.

திங்கள் விடிய, சேமித்த இடத்திலிருந்து தொடர்ந்து,
புதன் மத்தியானம் ஒருங்கியது.
இடைவெளி ஒன்று புள்ளி நாலு ஏழு.
இவ்வளவு அழகான எண் எனக்கு வாய்த்ததில்லை.
பேராதனைக்கு அனுப்பினேன்.
அங்கே குடுவையோடு மாரடிக்கும் இந்துனில்
ஒரே வரியில் பதில் போட்டிருந்தான்:
வால் இல்லாமல் இது எதிலும் கரையாது.

நாலு வாலையும் திருப்பி ஒட்டுகிறேன்.
அணுக்கள் இரண்டு மடங்குக்கும் மேல்.
வெப்பநிலைக் கட்டத்தில் பூச்சியத்தை அழித்துவிட்டு
முந்நூற்றொன்பது என்று அடிக்கிறேன்,
யன்னலுக்கு வெளியே நிற்கிற அதே வெக்கை,
கெல்வினில்.

பொங்கலுக்குள் முடியும் என்று
அருளப்பண்ணையிடம் சொல்லிவைத்தேன்.
"கரண்டையும் ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ"
என்றார்.